ஆவுடையம்மாள் வீட்டுச் சிரிப்பு

புதுச்சேரியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மாடி பாரில், கையில் கிளாசும் வாயில் வறுத்த கடலையுமாக உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரு சனிக்கிழமை, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், வயிறு வலிக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அந்த மாடியிலேயே தீர்ந்துபோகாமல், விழுப்புரத்தையும் திருச்சியையும் மதுரையையும் தாண்டி, சங்கரன்கோவிலில் நெசவாளர் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஆவுடையம்மாளின் வீட்டுக்குள் வந்து இறங்கியது. கிரைண்டருக்கு மேலே, உத்தரத்துக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில்தான் இறங்கியது. ஆவுடையம்மாள் அப்போது உளுந்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திப் பார்த்தாள், சிரிப்பு நிற்கவில்லை. மாவு அரைபட வேண்டுமே என்று திரும்பவும் சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

அந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவன் அவளுடைய தம்பி சங்கரலிங்கம். வேறு வேலைக்குப் போய்ப் பார்த்து, எதிலும் காலூன்றாமல், கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரிக்கச் சிரிக்கப் பேசும் ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு வந்துசேர்ந்தவன். சென்னை, கோவை, திருப்பூர், புதுச்சேரி என்று வெள்ளிக்கிழமை ஒரு ஊர், சனிக்கிழமை ஒரு ஊர் என்று சுற்றுவான். போஸ்டரில் 'லிங்கம் லைவ்' என்று போடுவார்கள். ரேஷன் கடை, மாமியார், வாட்ஸ்அப் குரூப் என்று ஊரே சொல்லித் தேய்த்ததையெல்லாம் அவனும் சொல்லிக்கொண்டிருந்தான். குடித்துவிட்டுக் கேட்கிறவர்களுக்கு அது போதாது. குடிக்காதவன் சிரிப்பு வரவில்லை என்றால் சும்மா இருப்பான், குடித்தவன் எழுந்து நின்று அதை அறிவிப்பான். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு குறுக்கே கத்துகிறவர்களைச் சமாளிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி என்பார்கள். சங்கரலிங்கத்துக்கு அந்தப் பாதி வரவே இல்லை.

அன்றைக்குப் புதுச்சேரியில் ஒரு பிறந்தநாள் கோஷ்டி வந்திருந்தது. அதில் கழுத்தில் தடித்த செயின் போட்ட ஆள் ஒருவன், சங்கரலிங்கம் வாயைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு விரலை நாக்குக்கடியில் மடக்கி விசிலடித்தான்.

"இன்னா தலைவா, சிரிப்பு எப்ப வரும்? பில்லு வந்ததுக்கு அப்புறமா?" என்று கேட்டான்.

கூட்டம் அவனுக்குச் சிரித்தது.  இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு காலைப் பின்னால் வைத்த சங்கரலிங்கம், விசில் சத்தம் இன்னொரு முறை கேட்டதும், தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, "அண்ணே, நல்லா அடிக்கிறீங்க. நீங்கதான் கண்டக்டர். நான் கைகாட்டும்போது அடிங்க. ஒரு விசிலுக்கு பஸ் நிக்கும், ரெண்டு விசிலுக்குக் கிளம்பும்" என்று சொன்னான். சொல்லிவிட்டு அக்காவின் கதையை எடுத்துவிட்டான்.

அந்தக் கதை அக்கா அவனுக்கு மட்டும் சொன்னது. அவன் ஒரு பெண்ணைக் காதலித்து, அவள் வேறொருவனோடு நடக்கப்போகிற கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போன சமயம், சோறு தண்ணி இல்லாமல் பாயில் சுருண்டு கிடந்தான். ஆவுடையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீ மட்டுந்தான் பைத்தியாரத்தனம் பண்ணிட்டன்னு நெனைக்காத" என்று ஆரம்பித்துச் சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாகத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தினமும் ஏறுகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவளைப் பார்த்து "வாங்க, வாங்க, உள்ள எடம் இருக்கு" என்பார். மற்றவர்களுக்குச் சில்லறையை நீட்டுகிறவர் அவளுக்கு உள்ளங்கையில் வைப்பார். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அந்த 'வாங்க, வாங்க'வையே வருஷக்கணக்கில் மனதில் ஊறப்போட்டு வைத்திருந்தவள், ஒருநாள் தைரியம் வந்து, சேலைகளை ஒரு பையில் அடைத்து, அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கையும் உள்ளே வைத்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். கண்டக்டர் வந்து "எங்க போகணும்?" என்று கேட்டார். "நீங்க எங்க போறீங்களோ அங்க" என்றாள் ஆவுடையம்மாள். அந்த மனிதருக்கு அதுவரைக்கும் ஒன்றுமே தெரியாது. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்து, ஆபீசுக்கு லீவு என்று வீட்டில் சொல்லிவிட்டாள். பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. தம்பி அந்தக் கதையைக் கேட்டுத்தான் பாயை விட்டு எழுந்தான், சோறும் தின்றான்.

பாரில் சொல்லும்போது அது வேறு கதையாக இருந்தது. அவன் கைகாட்டும்போதெல்லாம் செயின்காரன் விசிலடித்தான். சங்கரலிங்கம் இல்லாத பையைத் தூக்கிக்கொண்டு, குத்துவிளக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மேடை முழுக்க ஆடி ஆடிப் பஸ்ஸில் நின்றான். "நீங்க எங்க போறீங்களோ அங்க" என்று இமையைத் தாழ்த்திச் சொன்னான். சொல்லிவிட்டுச் சும்மா நின்றான். கூட்டம் மூச்சைப் பிடித்தது. கண்டக்டர் குரலில், பையைக் கீழ்க்கண்ணால் பார்த்து, "லக்கேஜுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும்மா" என்றான். அப்போது வந்த சிரிப்புதான் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்த முதல் பெரிய சிரிப்பு.

அதற்குப் பிறகு அவனுக்குக் கூட்டத்தைப் பற்றிப் பயம் விட்டுப்போயிற்று. நிஜக் கண்டக்டர் விசில் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டான். எந்த ஊரில் எந்த பாரில் எவன் அதிகமாகக் கத்துகிறானோ அவன் கழுத்தில் அதை மாட்டிவிட்டு அவனைக் கண்டக்டர் ஆக்கிவிடுவான். கத்துகிறவனுக்கு வேலை கொடுத்துவிட்டால் அவன் கத்துவதில்லை, அவனே மற்றவர்களை அதட்டுவான். மற்ற காமெடியன்கள் இந்த வித்தையைப் பொறாமையோடு பேசிக்கொண்டார்கள். அந்தக் கதையை மட்டும் அவன் எந்தக் காலத்திலும் வீடியோவாகப் போடவில்லை. வீடியோ போட்டால் அடுத்த ஊரில் புதிதாக இருக்காது என்று தொழில் காரணம் சொல்வான். அக்கா பார்த்துவிடுவாளோ என்பதுதான் நிஜக் காரணம் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அதைப் பக்கத்தில் வரவிடாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இங்கே தெருவில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லோரும் பயந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, சனிக்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. நூறு பேர், நூற்றைம்பது பேர் ஒன்றாகச் சிரிக்கிற சிரிப்பு. ஒரு சொல்கூட அதோடு வராது, சிரிப்பு மட்டும், நடுநடுவே விசில். எதிர்வீட்டு லூர்தம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். தறிக்காரர்கள் சேர்ந்து பேயோட்ட ஒரு கோடங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிப்பு வருகிறவரைக்கும் காத்திருந்து, கேட்டு முடித்துவிட்டு, உடுக்கையை உறையிலிருந்து எடுக்காமலே எழுந்துவிட்டார்.

"இது பேயில்லம்மா. பேய்னா ஒத்தையாத்தான் சிரிக்கும். இது துட்டு குடுத்துச் சிரிக்கிற கூட்டம். எங்கிட்ட இதுக்கு மருந்து கிடையாது" என்று சொல்லி, கொடுத்த காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பேய் இல்லை என்று ஆனபிறகு அதைப் பழகிக்கொள்ள வேண்டியதுதானே. அதிலும் சிரிப்பு வந்த அன்றைக்கு அரைத்த மாவு மறுநாள் காலையில் பாத்திரத்தை மீறிப் பொங்கியது. அந்த இட்லி பூவாக இருந்தது, பல் இல்லாதவர்களும் தின்றார்கள். அடுத்த தெருவிலிருந்தும் அதற்கடுத்த தெருவிலிருந்தும் தூக்குவாளியோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிரிப்பு வருகிற நேரத்துக்கு முன்னாலேயே வந்து, வாசலில் நின்று, சிரிப்பையும் கேட்டுவிட்டு மாவையும் வாங்கிக்கொண்டு போவார்கள். வெள்ளி, சனி, ஞாயிறுகளில் தெருவில் டிவியை அணைத்துவிடும் பழக்கம் வந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்ளப்பட்டது, முடியாத சண்டை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடப்பட்டது. விசில் சத்தத்துக்குத் தெருப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பஸ் விடுவார்கள். கைக்குழந்தைகள் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சிரிக்கக் கற்றுக்கொண்டன, அதனால் அந்தத் தெருக் குழந்தைகளுக்கு மட்டும் சிரிப்பு கொஞ்சம் பெரிய ஆட்களின் சிரிப்பாக இருந்தது. தறி முருகையாவின் அப்பா செத்துப்போனது ஒரு சனிக்கிழமை. பிணத்தை நடுவீட்டில் வைத்து ஒப்பாரி நடந்துகொண்டிருக்கும்போது ஆவுடையம்மாள் வீட்டிலிருந்து குபீரென்று கிளம்பிவிட்டது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு முருகையாவே, "விடுங்க, அப்பா சிரிச்ச மொகத்தோட போகட்டும்" என்று சொல்ல, அதற்குப் பிறகு அதுவும் ஒரு குறையாகத் தோன்றவில்லை. வெளியூரில் பெண் கொடுக்கும்போது "அந்தச் சிரிப்புக் கேக்கிற தெருவா?" என்று விசாரிக்கிற அளவுக்குத் தெரு பேர் வாங்கிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஆவுடையம்மாள் மட்டும் அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சிரிப்பு வரும்போது அவள் கிரைண்டர் குழவியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி போன் பண்ணினால், "மாவு நல்லாப் போவுது, நீ ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

சங்கரலிங்கம் ஊருக்கு வருவதே குறைந்துபோயிருந்தது. அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழா சனிக்கிழமையில் வந்தது. கோவையில் நடக்கவேண்டிய ஷோ, பாரில் ஏசி ரிப்பேர் என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. சரி, தபசு பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று பஸ் ஏறி வந்துவிட்டான். சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தால் வாசலில் ஒரு கூட்டம் தூக்குவாளியோடு நிற்கிறது. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, எல்லோரும் கிரைண்டர் பக்கமே பார்க்கிறார்கள், ஒன்றும் வரவில்லை. மெல்ல மெல்ல அத்தனை கண்ணும் அவன் பக்கம் திரும்பின.

"ஏன் தம்பி, பாத்துப் பாத்து இன்னைக்கா வரணும்? ஒன்னக் கண்டு அது வராமப் போச்சே" என்றாள் லூர்தம்மா.

"எது லூர்தக்கா?"

"ஒங்க அக்கா சொல்லலையா? சிரிப்புய்யா, சிரிப்பு! ஒன்னைய மாதிரி சிரிக்க வைக்கிற ஆளு வந்தா அதுக்குக் கூச்சமா இருக்கும்போல."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, அவன் கேட்காமலே, சிரிப்பு வருகிற வகையைச் செய்தே காட்டினாள். "மொதல்ல ஓரத்துல இருக்கவுக மட்டும் சிரிக்கிற மாதிரி லேசா வரும். பொறவு விசில். ஒரு விசிலு, ரெண்டு விசிலு. பிள்ளைய எல்லாம் வரிசைல நின்னுக்கும். அப்புறம் சின்னதா ஒண்ணு, சின்னதா ஒண்ணு. அப்புறம் கேளு, சத்தமே இருக்காது. நாங்க எல்லாரும் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிப்போம். அப்பம் ஒண்ணு வரும் பாரு, ஏ அப்பா! அதுல ஒருத்தன் இருக்கான், கோழி கொக்கரிக்கிற மாதிரி விட்டு விட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்புலதான் மாவு பொங்குது."

சங்கரலிங்கத்துக்கு அந்த ஆளைத் தெரியும். போன மாதம் அவன் கழுத்தில்தான் விசிலை மாட்டினான். அந்த மௌனத்தையும் தெரியும், அது அவன் வைக்கிற மௌனம், எத்தனை நொடி வைக்க வேண்டும் என்பதை ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொண்டிருந்தான். காதும் கழுத்தும் சுட்டன. தெருவில் இத்தனை பேர் நடுவே துணி இல்லாமல் நிற்கிறவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற சைக்கிளின் மணியைப் பிடித்துக்கொண்டான். அவர்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அதுதான் கொடுமை. சந்தோஷமாக அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே அக்கா தோசை வார்த்துப் போட்டாள். விசில் சத்தம் கேட்டவளுக்கு, அதுவும் ஒரு விசில், இரண்டு விசில் என்று கேட்டவளுக்கு, விளங்காமலா இருந்திருக்கும்? விளங்கியிருக்காது, அவளுக்கு எங்கே இதெல்லாம், என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசை அவனே நம்பவில்லை. தட்டிலிருந்து தலையை எடுக்காமல் தின்றான்.

"இன்னொண்ணு வைக்கட்டா?" என்றாள்.

"போதும்க்கா."

"மெலிஞ்சிட்ட."

மறுநாள் தபசு முடிந்த கூட்டத்தோடு கூட்டமாக, அவசர ஷோ ஒன்று இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். பஸ்ஸில் கண்டக்டர் விசிலடிக்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இனி அந்தக் கதையைச் சொன்னால் நான் மனுஷனே இல்லை என்று மதுரை வருவதற்குள் முடிவு பண்ணிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை கோவையில் பார் நிறைந்து வழிந்தது. இதற்குள் அந்தக் கதைக்கு ஊர் ஊராக ஆள் சேர்ந்திருந்தது. பாதிப் பேர் கழுத்தில் அவரவரே வாங்கிய விசிலோடு வந்திருந்தார்கள். சங்கரலிங்கம் ரேஷன் கடையைச் சொன்னான், மாமியாரைச் சொன்னான். கூட்டம் பொறுத்துப் பார்த்தது.

"ஏனுங்க, அந்தக் கண்டக்டர் கதையச் சொல்லுங்க. அதுக்குத்தானுங்க வந்தது" என்று முன்னால் இருந்த ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இன்னைக்கு அது இல்லீங்க. வேற சொல்றேன்."

"வேற எவனுக்கு வேணும்?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். ஒரு விசில் கேட்டது, இன்னொன்று கேட்டது, பிறகு எல்லா விசிலும் சேர்ந்துகொண்டது. 'கண்டக்டர், கண்டக்டர்' என்று மேஜையைத் தட்டினார்கள். "சொல்றதுன்னா சொல்லு, இல்லீன்னா எறங்கு!" என்று ஒரு ஆள் எழுந்து நின்று அவன் அம்மாவை இழுத்துத் திட்டினான். யாரோ எறிந்த எலுமிச்சைத் தோல் சட்டையில் வந்து ஒட்டியது. பார் மேனேஜர் ஓரமாக நின்று, சொல்லித் தொலை என்று கண்ணைக் காட்டினார். சங்கரலிங்கம் கொஞ்ச நேரம் நின்றுதான் பார்த்தான். அவன் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை அவனுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வாயைத் திறந்தான், கதை வந்துவிட்டது.

அது மட்டுமா? அன்றைக்குச் சொன்னதுபோல அவன் என்றைக்கும் சொன்னதில்லை. அக்காவை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தான் இல்லையா, அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்து 'இன்னொண்ணு வைக்கட்டா' என்று கேட்கிற விதம் அப்படியே கையில் வந்தது, அதையும் சேர்த்துக்கொண்டான். மேஜைக்கு மேல் கவிழ்ந்து சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு இப்போது எங்கே விழுந்துகொண்டிருக்கிறது, எந்தக் கிரைண்டருக்கு மேலே, யாருடைய தலைக்கு மேலே என்று தெரிந்துகொண்டே அவன் மௌனம் வைத்தான், தெரிந்துகொண்டே லக்கேஜ் டிக்கெட்டைச் சொன்னான். முடிந்ததும் செல்பி எடுக்க வரிசையில் நின்றார்கள். எல்லாப் படத்திலும் அவன் சிரித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஷோவை விட்டுவிட்டான். காலையிலேயே பஸ் ஏறி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்து, சாயங்காலம் தெருமுனையில் இறங்கினான். குழாயடியில் லூர்தம்மா பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் முகத்தில் பெருமை இல்லை.

"தம்பி, நேத்து என்னமோ ஆயிப்போச்சு. சிரிப்பு வரல, ஏச்சு வந்துச்சு. ஆளாளுக்கு ஏசுதாவ, விசிலா அடிக்காவ. வார்த்தை வெளங்கல, ஆனா ஏச்சு ஏச்சுதானே, தெரியாமலா போவும்? பிள்ளைய எல்லாம் அழுதுட்டு. ஒங்க அக்கா இருக்காளே, இத்தன நாளா அதுகிட்ட ஒரு வார்த்த பேசாதவ, நேத்து உத்தரத்தப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டா. 'சொல்லிரு, சொல்லிருய்யா, சொல்லிட்டு எறங்கிரு'ன்னு அழுதா. யாருட்டச் சொன்னான்னு எங்களுக்குத் தெரியல. பொறவுதான் சிரிப்பு வந்துச்சு. ஒன்னாம் நம்பர் சிரிப்பு. அவ முந்தானையால மொகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா."

 வீடு வரைக்கும் எப்படி நடந்தான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

ஆவுடையம்மாள் அடுப்படியில் உளுந்தைக் களைந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்துவிட்டு, கையை உதறி, மணைப்பலகையைத் தள்ளிப்போட்டாள். அவன் உட்கார்ந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அக்கா" என்றான். 

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன்" என்றாள் அவள். கோபம் இல்லாத குரல், ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க வந்தவளுடைய குரல். "சத்தம் இல்லாம இருந்து, பொறவு பெருசா ஒண்ணு சிரிக்காவல்லா, அதுக்கு முன்னாடி நீ என்னத்தச் சொல்லுத?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். தலையில பூ வச்சதச் சொல்லுதியா? குத்துவெளக்கச் சொல்லுதியா? 'நீங்க எங்க போறீங்களோ அங்க'ன்னு சொன்னேனே, அதுக்கா அப்படிச் சிரிக்காவ? வெள்ளிக்கெழம ஒண்ணு தோணும், சனிக்கெழம வேற தோணும். சொல்லேன், தெரிஞ்சிக்கிடுதேன்."

"வேண்டாம்க்கா."

"அம்புட்டுப் பேருக்கும் சொல்லியிருக்கியே, எனக்குச் சொன்னா என்ன?"

சொன்னான். ஆடாமல், கையைக் காட்டாமல், குரலை மாற்றாமல், பாடம் ஒப்பிக்கிறவனாக முதலிலிருந்து சொன்னான். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கடைசியில் அந்த இடம் வந்தது. அங்கே மௌனம் தானாகவே வந்து நின்றது, அவன் வைக்கவில்லை. "லக்கேஜுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும்மான்னு கண்டக்டர் சொல்றதா..." என்று தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தான்.

ஆவுடையம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அவரு லக்கேஜுக்கு டிக்கெட் போடல" என்றாள். "ஒங்கிட்டச் சொன்னேனே. பையப் பாத்தாரு, என் மொகத்தப் பாத்தாரு, வெளங்கிட்டு. பைய வாங்கித் தன் காலுக்குப் பக்கத்துல வச்சிக்கிட்டாரு. திரும்பி வாரவரைக்கும் அங்கனயே நின்னாரு, யாரும் ஏதும் கேட்டுறக் கூடாதுன்னு. எறங்கும்போது அவரே எறக்கி விட்டாரு. மறுநாளும் 'வாங்க, வாங்க'ன்னுதான் கூப்பிட்டாரு."

சொல்லியிருந்தாள்தான். முதல் நாள் புதுச்சேரியில் அந்த இடம் வரைக்கும் அவன் வந்தான், கூட்டம் மூச்சைப் பிடித்து நின்றது, இதைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. அந்த ஒரு நொடியில்தான் லக்கேஜ் டிக்கெட் வந்தது.

"நீ நல்லாத்தான் சொல்லுத" என்றாள் ஆவுடையம்மாள். "அது நானா இல்லன்னா நானும் சிரிச்சிருப்பேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். துடைப்பத்தை எடுத்திருந்தால் முதுகைக் காட்டியிருப்பான். அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவனும் பின்னாலேயே போனான், உள்ளே தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வாசலில் வழக்கமான கூட்டம். இன்றைக்கும் ஒன்றும் வரவில்லையே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி வந்திருக்கான்லா, அதான்" என்றாள் ஆவுடையம்மாள், அளந்து ஊற்றிக்கொண்டே. அவனுக்காக அவள் சொன்ன பொய் அது, பொய்கூட இல்லை. அவன் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிடத்தான் நினைத்தான். இத்தனை நாளும் நீங்கள் கேட்டது என்ன தெரியுமா என்று தெருவுக்கே போட்டு உடைத்துவிட்டால் பாரம் இறங்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்றால் அக்காவின் கதையை இன்னொரு தரம், அவள் முன்னாலேயே, அவளைத் தெரிந்த அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அவனுக்கு அவளை விற்கத்தான் வேண்டியிருந்தது.

"அது வராட்டா என்ன?" என்றாள் லூர்தம்மா. "அவனே சிரிக்க வைக்கிற ஆளுதானே! தம்பி, நீதான் ஒண்ணு சொல்லேன். மாவு பொங்கட்டும்."

"ஆமா, சொல்லு தம்பி" என்றார் முருகையா. பிள்ளைகள் முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன. யாரும் கத்தவில்லை, யாரும் விசிலடிக்கவில்லை. இதுபோல ஒரு நல்ல கூட்டம் அவனுக்கு எந்த ஊரிலும் வாய்த்ததில்லை. சங்கரலிங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். லூர்தம்மாவின் ஜெபத்தை வைத்து, அக்காவின் கதைக்குப் பிறகு அவன் கட்டிய ஒரு ஜோக் இருந்தது, திருப்பூரில் நன்றாக எடுபட்டது. முருகையாவின் அப்பா காது கேட்காமல் பண்ணிய கூத்தை வைத்து ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களை வைத்தும் இருந்தன. அந்த வாசலில் நின்றவர்களில் அவன் எங்கேயாவது ஒரு பாரில் சொல்லாத ஆள் என்று ஒருவரும் இல்லை. அவர்களைத் தவிர வேறு எதையும் அவன் சம்பாதித்து வைத்திருக்கவும் இல்லை.

வாயைத் திறந்தான். மூடினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு லூர்தம்மாதான், தூக்குவாளியை அவன் பக்கம் நீட்டிக்கொண்டு, "பரவால்ல தம்பி, அவசரம் ஒண்ணுமில்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு. நாங்க எங்க போவப்போறோம்?" என்றாள்.